எந்தப் பெயரில் தேடினால் நாம் கிடைப்போம்?

(நூலக அறிவியல் மாணவர்களும் வாசகர் வட்டத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நூலகர்களும் சமூக ஊடகமும்' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். நூலகத்துக்கு முகநூல் பக்கம் தொடங்குங்கள், புதுவரவுகளின் அட்டைப் படங்களைப் போடுங்கள், உலகப் புத்தக நாளுக்கு ஒரு வாழ்த்து, கூட்டம் நடந்தால் சால்வை போர்த்தும் படம். போடட்டும், தவறில்லை. முன்பு வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதியதை இப்போது செல்பேசியில் எழுதுகிறோம், அவ்வளவுதான். அதைப் பற்றி நாற்பது நிமிடம் பேச என்னால் முடியாது.

நான் பேச வந்தது வேறு. ஒரு புத்தகம் எந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறவர் நூலகர். எது நாளைக்கும் இருக்கும், எது காணாமல் போகும் என்பதை முடிவு செய்கிறவரும் அவரே. இணையம் வந்த பிறகு இந்த இரண்டும் பல மடங்கு பெரிதாகிவிட்டன. இதைத் தொழில்நுட்பம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. இது அதிகாரம். சாதி ஒழிப்பு பேசுகிற நாம் இதை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். நூலக மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டியிருந்ததைச் சொல்கிறார். நம் நாட்டில் புத்தகத்துக்குச் சங்கிலி தேவைப்படவில்லை. வேதத்தைக் கேட்கிற சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். (மேடைகளில் இதை மனு சொன்னதாகச் சொல்லிவிடுகிறோம். நூலகர்கள் கூட்டம், மேற்கோளைச் சரியாகச் சொல்லிவிடுவோம்.) இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். படிக்கவே கூடாது என்று தள்ளி வைக்கப்பட்டவர்கள் வாசகராக வந்து நிற்கும்போதுதான் அந்த இரண்டாவது விதிக்குச் சோதனை வருகிறது. அவர்கள் வந்து தேடுகிறார்கள். என்ன கிடைக்கிறது?

இதற்கு ஒரு கறுப்பினப் பெண் நூலகரின் கதையைச் சொல்ல வேண்டும். டோரதி போர்ட்டர். வாஷிங்டனில் கறுப்பின மக்களின் கல்விக்காக உருவான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1930இல் கறுப்பினத்தார் பற்றிய நூல்தொகுப்பைக் கட்டியெழுப்பும் பொறுப்பை ஏற்றார். 1973 வரை அதே வேலை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நூலகப் பள்ளியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். பாபாசாகேப் 1913இல் போய்ப் படித்த அதே கொலம்பியாதான்.

அன்றைக்கு நூலகங்கள் பயன்படுத்தியது டியூவி தசம வகைப்பாடு. இன்றைக்கும் உலகில் மிகப் பல நூலகங்களில் அதுதான். அறிவு முழுவதையும் 000 முதல் 999 வரை எண்களில் அடைக்கிற முறை. அதில் கறுப்பின மக்களுக்கு என்ன இடம் இருந்தது? 326, அடிமைமுறை. 325, குடியேற்றம். அவ்வளவுதான். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் புகழ்பெற்ற கவிஞர். அவருடைய கவிதைத் தொகுப்பு கவிதை அலமாரிக்குத்தானே போக வேண்டும்? வெள்ளையர் நடத்திய நூலகங்களில் அதுவும் 325இல் கிடந்தது. எழுதியவர் கறுப்பர், ஆகவே புத்தகமும் அங்கே. கவிதை எழுதினாலும், மருத்துவம் எழுதினாலும், சமையல் எழுதினாலும் அந்த ஒரே மூலை. இதைக் கேட்கும்போது உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே ஒரு தெரு. நீ யாராக இருந்தாலும் உன் முகவரி அதுதான்.

போர்ட்டர் அந்த எண்களைத் தூக்கிப் போட்டார். கவிதையைக் கவிதையிலும், வரலாற்றை வரலாற்றிலும், இசையை இசையிலும் வைத்தார். புத்தகம் வாங்கப் பெரிதாகப் பணமில்லை. பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கினார். இறந்துபோனவர்களின் வீடுகளுக்குப் போய், நிலவறையிலும் பரணிலும் கிடந்ததை எடுத்து வந்தார். கணினி இல்லை, இணையம் இல்லை. இருந்தாலும் இன்றைக்கு நாம் மெட்டாடேட்டா என்று சொல்கிற வேலையைத்தான் அவர் செய்தார். புத்தகத்தைப் பற்றிய தகவல், அதாவது அதன் பெயர், எண், பொருள், எங்கே கிடைக்கும் என்பது. அந்த வகைப்பாட்டைக் கண்டுபிடித்த மெல்வில் டியூவி நடத்திய மனமகிழ் மன்றத்தில் யூதர்களுக்கும் கறுப்பினத்தாருக்கும் அனுமதி இல்லை. அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவருடைய பெயரை 2019இல்தான் எடுத்தது.

இனி நம் பக்கம் வருவோம். உங்கள் நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பாமாவின் 'கருக்கு' எந்த அலமாரியில் இருக்கிறது? தன்வரலாற்றிலா, இலக்கியத்திலா, 'சமூகப் பிரச்சினைகள்' என்ற எண்ணிலா? அம்பேத்கர் பொருளாதாரத்தில் இருக்கிறாரா? 'ரூபாயின் பிரச்சினை' என்று 1923இலேயே புத்தகம் எழுதியவர். அவர் பெயரில் உள்ள எல்லாவற்றையும் ஒரே தட்டில் சாதிக்குக் கீழே அடுக்கியிருந்தால், அங்கேயும் ஒரு 325 இருக்கிறது என்று பொருள்.

இந்தப் பெயர்களை மாற்ற முடியுமா? முடியும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஒரு பொருள்தலைப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. உலகம் முழுக்க நூலகங்கள் அதைப் பார்த்துத்தான் தலைப்பு போடுகின்றன. அதில் நீண்ட காலம் நம் மக்களுக்குத் 'தீண்டத்தகாதோர்' என்பதே தலைப்பு. இப்போது 'தலித்துகள்' என்று இருக்கிறது. அதே பட்டியலில், ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்குச் 'சட்டவிரோத அந்நியர்கள்' என்று ஒரு தலைப்பு இருந்தது. டார்ட்மத் கல்லூரியின் மாணவர்கள் நூலகத்தில் தேடும்போது தங்களைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் அந்தப் பெயரில் கிடப்பதைப் பார்த்தார்கள். 2014இல் நூலகர்களோடு சேர்ந்து மாற்றச் சொல்லி விண்ணப்பித்தார்கள். முதலில் மறுப்பு. நூலகச் சங்கம் தீர்மானம் போட்டது. 2016இல் மாற்றுகிறோம் என்று அறிவித்தார்கள். உடனே அமெரிக்க நாடாளுமன்றத்தில் குடியரசுக் கட்சியினர் குறுக்கே விழுந்தார்கள். ஒரு நூலகத் தலைப்புக்காக நாடாளுமன்றம்! கடைசியில் மாற்றியது 2021இல். மாற்றிய பெயரும் முழுத் திருப்தியில்லை, 'சட்டவிரோதக் குடியேற்றம்' என்ற சொல் இன்னும் அங்கே நிற்கிறது.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அந்த ஏழு ஆண்டு இடைவெளியை. வாஷிங்டன் மாற்றட்டும் என்று எல்லா நூலகங்களும் காத்திருக்கவில்லை. பல நூலகங்கள் தங்கள் சொந்தப் பட்டியலில் தாங்களே மாற்றிக்கொண்டன. அதற்கு இணையம் உதவியது. வயலெட் ஃபாக்ஸ் என்ற நூலகர் 2018இல் ஒரு விக்கித் தளம் தொடங்கினார். எந்தத் தலைப்பை எப்படி மாற்றலாம் என்று யார் வேண்டுமானாலும் அங்கே எழுதலாம், மற்ற நூலகர்கள் சேர்ந்து விண்ணப்பமாகத் திருத்தித் தருவார்கள். இதைத்தான் நான் நூலகர் சமூக வலைத்தளத்தைப் பயன்படுத்துவது என்பேன். பின்னூட்டத்தில் நெருப்புக் குறி போடுவதை இதோடு சேர்க்க மாட்டேன்.

பெயருக்காகப் போராடுவது நமக்குப் புதிதுமில்லை. பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசுப் பதிவுகளிலிருந்து எடுத்து 'ஆதிதிராவிடர்' என்று எழுத வேண்டும் என்று எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கேட்டு வாங்கியது 1922இல். அதற்கும் முன்பே அயோத்திதாசர் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்றார். பதிவேட்டில் என்ன பெயர் ஏறுகிறதோ அதுதான் பிறகு உரிமையாக வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பதிவேடு தேடுபெட்டி.

அங்கே தமிழுக்கே தனித் தொல்லை இருக்கிறது. தமிழ்ப் புத்தகத்தைப் பட்டியலில் ஆங்கில எழுத்தில் ஏற்றுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அயோத்திதாசர் என்ற பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் 'ஐ'யில் தொடங்குவார், ஒருவர் 'ஏ'யில் தொடங்குவார். தமிழில் தட்டச்சு செய்கிற முதல் தலைமுறை மாணவிக்கு 'முடிவுகள் இல்லை' என்று வரும். புத்தகம் பத்தடி தூரத்தில் அலமாரியில் இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஏற்றிய பக்கங்களும், வெறும் படமாக ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப்களும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியும், தேடலுக்குத் தெரியாது. இதைச் சரிசெய்யப் பெரும் பணம் வேண்டியதில்லை. கோஹா என்று ஒரு கட்டற்ற நூலக மென்பொருள் இருக்கிறது, நியூசிலாந்தில் ஒரு சிறிய பொது நூலகத்துக்காக 1999இல் எழுதத் தொடங்கியது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. தமிழ் நாட்டிலும் பல கல்லூரிகளில் இருக்கிறது. அதில் தமிழ் ஒருங்குறியில் ஏற்றலாம், ஒரே ஆளின் ஐந்து எழுத்துக்கூட்டலையும் ஒன்றாகக் கட்டலாம், பொருள்தலைப்பை நாமே சேர்க்கலாம். வேண்டியது உட்கார்ந்து செய்ய ஆள்.

அப்படி உட்கார்ந்து செய்தவர்கள் ஈழத் தமிழர்கள். யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள், ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தன்னார்வலர்கள் சிலர் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். அதில் போய் 'மல்லிகை' என்று தேடுங்கள். டொமினிக் ஜீவா, முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்து, சாதி இழிவால் பள்ளியை விட்டு வந்தவர், 1966இல் தொடங்கிய இலக்கிய இதழ் அது. யாழ்ப்பாணத்தில் ஒரு சலூனிலிருந்து வளர்ந்த பத்திரிகை. இன்றைக்கு உங்கள் செல்பேசியில் இதழ் இதழாகத் திறக்கலாம். பள்ளி வெளியே தள்ளிய ஒருவருடைய உழைப்பு, உலகத்தில் எங்கிருந்தும் தேடிப் படிக்கிற இடத்தில் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்கள் செய்யாத வேலை இது.

இனி, எது நாளைக்கு இருக்கும் என்ற கேள்வி. இதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது.

அயோத்திதாசர் நடத்திய 'தமிழன்' 1907 முதல் 1914 வரை அவர் காலத்தில் வந்தது. அந்த எழுத்துகள் ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுதியாக வெளிவந்தது 1999இல். எண்பத்தைந்து ஆண்டுகள்! அன்பு பொன்னோவியம் போன்ற இயக்கத்தவர்கள் பிரதிகளைப் பாதுகாத்து வைத்திருந்ததால்தான் அதுவும் நடந்தது. அது காகிதம். பெட்டியில் போட்டு வைத்தால் தாங்கியது. நாம் இன்றைக்கு எழுதுவதெல்லாம் எங்கே இருக்கிறது? முகநூலில், எக்ஸில், வாட்ஸ்அப்பில். யாஹூ குழுமங்களில் ஒரு காலத்தில் எத்தனை அம்பேத்கரிய விவாதம் நடந்தது! 2019 இறுதியில் அந்த நிறுவனம் அத்தனை குழுமங்களின் உள்ளடக்கத்தையும் அழித்துவிட்டது. ஆர்குட் அதற்கு முன்பே போய்விட்டது. 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலா இறந்த வாரங்களில், ஐதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் 'வெளிவாடா' என்று பெயரிட்ட கூடாரத்திலிருந்து மாணவர்கள் மணிக்கு மணி எழுதிய பதிவுகள், படங்கள், காணொளிகள் இருந்தன. எந்த நூலகம் அவற்றை எடுத்து வைத்தது? எழுதியவர் கணக்கை மூடினால் போச்சு. கூட்டமாகப் புகார் அடித்து முடக்கினாலும் போச்சு.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற பதினெட்டு வயது கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றார். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். செய்தி நிறுவனங்களுக்கு முன்பே ட்விட்டர் நிரம்பியது. ஆவணக் காப்பாளர்களான பெர்ஜிஸ் ஜூல்ஸ், எட் சம்மர்ஸ் போன்றோர் உடனே வேலையில் இறங்கினார்கள். இரண்டே வாரத்துச் சொச்சத்தில் ஒரு கோடியே முப்பது லட்சம் ட்வீட்டுகள் சேர்ந்தன. அதிலிருந்து 'டாக்குமென்ட்டிங் தி நவ்' என்ற திட்டம் பிறந்தது. இந்த நிமிடத்தை ஆவணமாக்குதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

சேர்த்த பிறகுதான் அவர்களுக்குச் சிக்கல் தெரிந்தது. இதை யார் யாருக்குக் கொடுப்பது? ஆய்வாளர் கேட்பார், காவல்துறையும் கேட்கும். போராட்டத்தில் யார் எங்கே நின்றார் என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் வேண்டுமா? ட்விட்டரின் விதிப்படி முழுப் பதிவை வெளியே பகிர முடியாது, ஒவ்வொரு பதிவின் எண்ணை மட்டும் பகிரலாம். எண்ணை வைத்து மறுபடி ட்விட்டரிடம் கேட்டால் பதிவு வரும். எழுதியவர் அதற்குள் அழித்திருந்தால் வராது. நிறுவனம் தனக்காகப் போட்ட விதிதான், ஆனாலும் மறைய விரும்பியவர் மறைய அதில் ஒரு வழி இருந்தது. 2023இல் அந்த நிறுவனம் இலவசமாகக் கேட்கிற கதவைச் சாத்தியது. எண்கள் கையில் இருக்கின்றன, பதிவுகள் முதலாளியிடம் இருக்கின்றன. காங்கிரஸ் நூலகமே 2010இல் எல்லாப் பொது ட்வீட்டுகளையும் சேமிக்கிறோம் என்று தொடங்கி, 2017 முடிவோடு நிறுத்திக்கொண்டது.

ஆக, எல்லாவற்றையும் திற, எல்லாவற்றையும் போடு என்று நான் சொல்லவில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு ஆட்களின் மூக்கையும் தலையையும் அளந்தவர் அவர். அந்தக் காலத்துப் படங்களை 'அரிய பழைய படம்' என்று பகிர்கிறார்கள், இதயக் குறிகள் குவிகின்றன. படத்தில் இருப்பவரை யாரும் கேட்டு எடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவாக்கிய முகூர்ட்டு என்ற ஆவண மென்பொருளில், எதை யார் பார்க்கலாம் என்று அந்தச் சமூகமே முடிவு செய்கிறது. வன்கொடுமையில் கொல்லப்பட்டவரின் உடலைப் படமெடுத்துப் பகிர்கிற நம் தோழர்களும் இதை யோசிக்க வேண்டும்.

இன்னும் அன்றாட விஷயம் ஒன்று. ஊர் நூலகத்துக்கு வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள். நல்ல நோக்கம். அந்தக் குழுவில் சேர்ந்த கல்லூரிப் பெண்ணின் எண் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் 'பெண் ஏன் அடிமையானாள்?' இருக்கிறதா என்று கேட்டால் அதுவும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண்ணோடு பேசியதற்காகக் கோகுல்ராஜ் என்ற இளைஞர் 2015இல் கொல்லப்பட்ட மாநிலத்தில் வாழ்கிறோம். குழுவுக்குப் பதிலாகப் பிராட்காஸ்ட் பட்டியல் வையுங்கள். செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், பதில் நூலகருக்கு மட்டும் வரும், எண் வெளியே தெரியாது. யார் என்ன புத்தகம் எடுத்தார் என்பதை யாருக்கும் சொல்லாதீர்கள். பஞ்சாயத்துத் தலைவர் கேட்டாலும்.

சரி, நூலகமே பூட்டியிருந்தால்? 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். எத்தனை இன்று திறக்கிறது, எந்தத் தெருவில் கட்டினார்கள், காலனிப் பிள்ளைகள் அந்தத் தெருவில் நடந்து போய்ப் படிக்க முடிகிறதா என்பதை நீங்கள் உங்கள் ஊரில் பார்த்தால் தெரியும். சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள், ஆகவே கேட்கிற உரிமை இருக்கிறது. பூட்டின் படத்தைத் தேதியோடு போடுங்கள். அதுவும் நூலகத்துக்கான சமூக ஊடகப் பயன்பாடுதான்.

கடைசியாக வேலை பிரிக்கிறேன். நூலக மாணவர்கள், தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரைக்கு ஒரு மேற்கோளாவது சேருங்கள், பக்க எண்ணோடு. நூலகர்களுக்காகவே 2016 முதல் ஆண்டுதோறும் இப்படி ஓர் இயக்கம் உலக அளவில் நடக்கிறது. நம் தலைவர்களைப் பற்றிய கட்டுரைகளில் 'சான்று தேவை' என்ற குறி எத்தனை இருக்கிறது என்று பார்த்தீர்களா? வாசகர் வட்டத் தோழர்கள், உங்கள் ஊரில் நடந்த போராட்டங்களின் துண்டறிக்கை, சுவரொட்டி, முகநூல் பதிவு எல்லாவற்றையும் சேருங்கள். இணையப் பக்கமென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்தால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். முகநூல் பதிவுகள் அதில் பெரும்பாலும் சிக்காது, ஆகவே எழுதியவரிடம் அனுமதி கேட்டு, எழுத்தைத் தனியே நகலெடுத்து, படத்தோடு வையுங்கள். 'படம் 1' என்று பெயர் வைக்காதீர்கள். யார், எங்கே, எந்தத் தேதி, யாரிடமிருந்து வந்தது, வெளியே காட்டலாமா கூடாதா, ஐந்தையும் எழுதுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று கட்டாயம் உங்கள் வீட்டில்.

இதற்கு ஒரு பக்கப் படிவம் தமிழில் செய்து கொண்டுவந்திருக்கிறேன், மேசையில் இருக்கிறது. போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் ஒரு தோழர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் கேளுங்கள் தோழர்.